கம்பெனிக்கு ஏது நட்சத்திரம்?

மலேசியாவில், கிள்ளானில் உள்ள எங்கள் தொழிற்சாலை செம்பனை எண்ணெய் ஆலைகளுக்குப் பம்புகள் செய்கிறது. சென்ற ஆண்டு ஜூன் மாதம் வெளிநாட்டுத் தாய் நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. நிர்வாகிகளே தொழிற்சாலையை வாங்கிக்கொள்ளலாம், இல்லையென்றால் மூடிவிடுவார்கள்.

மூவர் முன்வந்தோம்: விற்பனையைப் பார்க்கும் நான், நிதியைப் பார்க்கும் லிம், உற்பத்தித் தலைவர் குணா அண்ணன். மூவருமே வீட்டை ஈடு வைத்தால்தான் வங்கி கடன் தரும்.

அவர்கள் தந்த கெடுவின் கடைசி வாரம் குணா அண்ணன் பின்வாங்கினார். "கம்போங் மேடான் ஃபிளாட்ல இருவது வருஷம் கிடந்துட்டு இப்பதான் காஜாங்ல வீடு வாங்கினோம். மாலா ஒத்துக்க மாட்டேங்குறா. என்னை விட்டுரு தம்பி."

அவர் இல்லாமல் பம்பு இல்லை. அறுபது பேருக்கு வேலை இல்லை.

உட்கார்ந்தால் எழுந்தேன். எழுந்தால் போனைப் பார்த்தேன். தினமும் முருகனிடம் ஒன்றே கேட்டேன்: கம்பெனியை எனக்குக் கொடு.

கெடு முடியும் வெள்ளிக்கிழமை காலை, கோயிலில் அர்ச்சனைச் சீட்டை நீட்டினேன். குருக்கள் பெயர் கேட்டார். கம்பெனியின் பெயரைச் சொன்னேன்.

"நட்சத்திரம்?"

கம்பெனி தொடங்கிய தேதியை நினைவுபடுத்திப் பார்த்தேன்.

"கம்பெனிக்கு ஏதுங்க நட்சத்திரம்?" என்று சிரித்தார்.

பின்னால் நின்ற ஆன்டி பொறுமை இழந்தார். "பாஸ், சீக்கிரம் லா. எட்டு மணிக்கு எனக்கு பஸ்."

"சாமி பேருக்கே பண்ணுங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. அதுவரை எனக்கென்றே கேட்டிருக்கிறேன். தீபாராதனையின்போது எதுவும் கேட்கவில்லை. உன்னுடையது, நீயே பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னேன்.

பதினொரு மணிக்குப் பிரிக்பீல்ட்ஸில் வழக்கறிஞர் அலுவலகத்தில் லிம்மும் நானும் உட்கார்ந்திருந்தோம். கதவு திறந்தது. முதலில் குணா அண்ணனின் மனைவி மாலா அக்கா. பின்னால் தலைகுனிந்தபடி அவர்.

"ஒரு வாரமா வீட்டுல இவரு கழட்டாத சாமான் இல்ல," என்றார் அக்கா. "ஃபேன், ரைஸ் குக்கர், வாஷிங் மெஷின். நல்லா ஓடுறதையும் கழட்டுறாரு! ஃபேக்டரி இல்லாம இந்த மனுஷன வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? எங்க சைன் பண்ணணும், சொல்லுங்க."

எப்போது மனம் மாறியது என்று கேட்டேன்.

"இன்னிக்குக் காலையிலதான். எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்ன இருக்கும்."

தற்செயல் என்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. அந்த நேரத்தில் நான் எங்கே நின்றேன் என்பது எனக்குத் தெரியும்.

இன்று தொழிற்சாலை எங்களுடையது. தலைமையகத்தைக் கேட்டுச் சொல்கிறோம் என்று இனி யாரிடமும் தப்பிக்க முடியாது. பதற்றம் முழுதாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் முருகா என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார முடிகிறது.

அன்பர்களே, உங்கள் கைக்கு மிஞ்சியது எதுவோ, அதை அவனிடம் ஒப்படையுங்கள். ஒப்படைத்துவிட்டு வேலைக்குப் போங்கள்.