செம்பட்டி 4 என்று எழுதிய கல்

“தை 9, வியாழன், மாலை 4.20. செம்பட்டி 4 கி.மீ. கல். அக்காவுக்கு வலது முழங்கால் வீக்கம். வேனில் ஏறிவிட்டாள்.”

போன ஆண்டு பழனிப் பாதயாத்திரையில் என் குறிப்பேட்டில் எழுதியது இது. மதுரையிலிருந்து சோழவந்தான், நிலக்கோட்டை வழியாக நடந்துவந்த எங்கள் குழுவில் பாதியில் நின்றவள் அக்கா மட்டுமே. நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு விடுதியில் சமையல் வேலை பார்க்கிறாள். வருடம் முழுக்க நின்றே வேலை செய்கிற காலுக்கு நடையா பெரிது என்று கிளம்பியவள்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. முடியாமல், கூடவே வரும் வேனில் ஏறியவர்கள் மறுவருடம் ஏறிய அதே இடத்துக்கு வந்து, சூடம் கொளுத்தித் தேங்காய் உடைத்து, அங்கிருந்து மீதியை நடந்து முடிக்கலாம். சூடம் கொளுத்திய பிறகு மலை ஏறும்வரை வண்டியைத் தொடக்கூடாது. மருத்துவர் நாளுக்குப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். கணக்குப் போட்டேன். ஐந்து நாள். குழு நடக்கும் வேகத்துக்கு அக்காவால் ஈடுகொடுக்க முடியாது என்பதால் இந்த முறை நாங்கள் இருவர் மட்டும்.

ஆரப்பாளையத்தில் பேருந்து ஏறி, காலை ஏழரைக்குக் கல்லுக்குப் பக்கத்தில் இறங்கினோம். செருப்பைக் கழற்றிப் பையில் வைத்தாள். சூடம் எரிந்தது. ஒரே அடியில் தேங்காய் உடைந்தது. நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தவள் முகம் மாறியது.

“டேய், இது இல்லடா.”

“கல்லுல எழுதியிருக்குல்லக்கா. நோட்டுலயும் அதேதான்.”

“மோட்டார் ரூம் செவுத்துல சாஞ்சு உக்காந்து அழுதேன்டா நானு. இங்க எங்கடா இருக்கு மோட்டார் ரூமு?”

அப்போதுதான் உறைத்தது. அன்று நான் முன்னால் போய்விட்டேன். வேன் ஓட்டுநர் கைபேசியில் சொன்னபோது, அந்த நேரத்தில் என் எதிரே இருந்த கல்லைப் பார்த்து எழுதியிருக்கிறேன். நேரம் அவளுடையது, இடம் என்னுடையது. நாற்பது வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறவன் செய்த பிழை.

“எம்புட்டு தூரம் இருக்கும்?” என்றாள்.

“மூணு கிலோமீட்டர் இருக்கும். விடுக்கா. வேணும்னு செஞ்சதா? முருகனுக்குத் தெரியாதா?”

“அவனுக்குத் தெரியும். எனக்கும்ல தெரியும்.”

திரும்பி, வந்த திசையிலேயே நடக்க ஆரம்பித்தாள். சூடம் எரிந்துவிட்டது; பேருந்தில் போகவும் வழியில்லை. போக மூன்று, வர மூன்று. முதல் நாளே அந்தக் கால் தாங்குமா என்பதுதான் என் கவலை.

எதிரே பச்சை வேட்டிக் கூட்டம் அலையாக வந்துகொண்டிருந்தது.

“யக்கா, பழனி இந்தப் பக்கம்!” என்றான் காவடி சுமந்த ஒருவன்.

“தெரியும்யா. நீ முன்னால போயி வாரேன்னு சொல்லு.”

“வீட்டுல அடுப்ப அணைக்காம வந்துட்டாகளோ?” என்று இன்னொருவர் கேட்க, கூட்டமே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். “அம்புட்டும் இவன் வச்ச அடுப்பு” என்று என்னைக் கைகாட்டினாள்.

தென்னந்தோப்புக்கு அடுத்து மோட்டார் ரூம் இருந்தது. வெள்ளையடித்து ஒரு வருடம் ஆகாத சுவர். பக்கத்துக் கல்லில் செம்பட்டி 7. சுவரில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பாதையில் இறங்கி, “இப்ப எழுதிக்க” என்றாள். எழுதினேன்: காலை 8.55.

அன்று ஆறு கிலோமீட்டர் அதிகம். மறுநாள் விடிந்ததும் முதலில் அவள் முழங்காலைத்தான் பார்த்தேன். வீக்கம் இல்லை. “என்னடா, நெல்லு வெளஞ்சிருக்கான்னா பாக்குற?” என்று காலை இழுத்துக்கொண்டாள். கன்னிவாடி தாண்டி மழை பிடித்தது; நிற்கவில்லை. ஒட்டன்சத்திரத்தில் எனக்குத்தான் கொப்புளம். அவள் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டாள். எல்லா நாளும் அவளுக்குப் பின்னாலேயே நடந்தேன். ஐந்தாம் நாள் மலை முழுதாகத் தெரிந்த திருப்பத்தில் அவள் போட்ட அரோகராவுக்குச் சாலையே பதில் சொன்னது. முன்னால் போனவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அடிவாரத்தில் கூட்டம் எங்களைப் பிரித்துவிட்டது. படியேறி மூச்சு வாங்க நான் மேலே போனபோது, பிரகாரத்தில் எனக்கு முன்பே நின்று முந்தானையால் முகம் துடைத்துக்கொண்டிருந்தாள் அக்கா.

“இம்புட்டு நேரமா? நான் வந்து ரெண்டு சுத்து சுத்தியாச்சு.”

அன்றைய குறிப்பு: “தை 14. அக்கா நடந்து முடித்தாள். படியில் ஓரிடத்திலும் உட்காரவில்லை, கம்பியையும் பிடிக்கவில்லை என்கிறாள். நான் பார்க்கவில்லை. பார்த்தவர் யாரும் கிடைக்கவில்லை. சரிபார்க்கப்படவில்லை.”