டிவியில் கத்தின சங்கு

தறிக்கூடத்தில் பக்கத்தில் நிற்பவளிடம் தண்ணீர் கேட்கவேண்டுமென்றாலும் தொண்டை கிழியக் கத்தினால்தான் காதில் விழும். அங்கே வேலைக்குச் சேர்ந்த எல்லாப் பெண்களுக்கும் குரல் ஏறியது. மற்றவர்களுக்கு வீட்டுக்குப் போனதும் இறங்கிவிடும். அவர்களில் ஒருத்திக்கு மட்டும் ஏறினது ஏறினதுதான். ஷிஃப்ட் மாறும்போது மில்லில் ஊதுகிற சங்குக்கே போட்டியாக வந்துவிட்டாள் என்று யாரோ கேலி செய்யப்போக, பெற்றவர்கள் வைத்த பெயர் மறைந்து 'சங்கு' என்பதே நிலைத்துவிட்டது. அவள் கொஞ்சினாலும் அடுத்த வீட்டில் சண்டை என்றுதான் எட்டிப் பார்ப்பார்கள்.

அவள் கணவர் கடைத்தெரு முனையில் பூட்டு ரிப்பேர் செய்து, மாற்றுச்சாவி போட்டுக் கொடுப்பவர். நாள் முழுக்க அரம் கிரீச்சிடும் சத்தத்திலேயே உட்கார்ந்திருப்பவருக்கு மனைவியின் குரல் ஒரு பொருட்டேயில்லை. "திட்டறியா, கொஞ்சறியான்னு மூஞ்சியப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும்" என்பார். ஒரு நாளைக்கு அவர் பேசுவதில் நீளமான பேச்சு அதுதான்.

மில்லின் முதலாளியை யாரும் கண்ணால் கண்டதில்லை. கடல் தாண்டி ஏதோ ஒரு கம்பெனி. இன்னும் மலிவாக ஆள் கிடைக்கிற தேசம் ஒன்று அவர்கள் கண்ணில் பட்டதும், தறிகளைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பிறகு சங்குக்கும் மாடிக்காரிக்கும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்தது.

மாடிக்காரி, சங்கு வாடகைக்கு இருக்கும் அதே வீட்டின் மேல்மாடி ஒற்றை அறையில் மகளோடு குடியிருப்பவள். பிழைக்க எங்கிருந்தோ வந்தவள். அந்த ஊர் இழுவை இன்னும் பேச்சில் ஒட்டிக்கொண்டிருந்தது. மில்லில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துத் தறி. இப்போது ஒரே படுக்கை விரிப்பின் இரண்டு பக்கம். ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து நடுவில் மடிப்பார்கள். "மெதுவா பேசும்மா, மாடி வார்டுல நோயாளிங்க தூங்கறாங்க" என்று மேஸ்திரி சொல்லாத நாளில்லை. "இவ மெதுவா பேசினாத்தான் அவங்க பயந்து முழிச்சுக்குவாங்க" என்பாள் மாடிக்காரி.

மூடிய மில்லைப் படமெடுக்க ஒரு செய்தி டிவிக்காரப் பெண் வந்தபோது இருவரும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மைக்கை நீட்டியதும் சங்கு உள்ளதைச் சொன்னாள்.

"மில்லோட சேத்து பஸ் ஸ்டாப்பையும் எடுத்துட்டாங்கம்மா. பஸ் நிக்காமப் போகுது. மழையில நனைஞ்சுக்கிட்டே நடக்கறோம். மனு குடுத்தும் திரும்பிப் பாக்க ஆளில்ல. எங்கள யாரு கேக்கறா?"

சாதாரணமாகத்தான் சொன்னாள். மைக் பிடித்த பெண் திடுக்கிட்டுப் பின்னால் போனாள். கேமராக்காரன் ஆசையோடு முன்னால் வந்தான்.

அன்று மாலை டிவியில் பஸ்ஸும் இல்லை, மழையும் இல்லை. நரம்பு புடைத்த ஒரு கழுத்தும் "எங்கள யாரு கேக்கறா?" என்ற அந்த ஒரு வரியும் மட்டும். குரல் ஒலிக்கும்போதே, மூட்டை முடிச்சோடு ரயிலிலிருந்து இறங்கும் வெளியூர் ஆட்களின் படம் ஓடியது. கீழே சிவப்பு எழுத்தில் 'கொதிக்கும் மக்கள்'. ஒவ்வொரு விவாதத்துக்கு முன்னாலும் அதையே போட்டார்கள்.

அதுவரை நாலு பேர் நின்று கேட்காத ஒரு புதுக் கட்சி இருந்தது. வெளியாட்களை அனுப்பிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதுதான் அதன் ஒரே பேச்சு. அதன் தலைவர் சங்குவின் வரியைப் பிடித்துக்கொண்டார். டிவி காட்டுகிறதென்று கூட்டம் வந்தது. கூட்டம் வருகிறதென்று டிவி காட்டியது.

கட்சிக்காரர்கள் ஜீப் அனுப்பிக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். சங்கு போனாள். மேடையில் ஏறி பஸ் ஸ்டாப்பைப் பற்றி ஆரம்பித்ததும், இஸ்திரி கலையாத சட்டை போட்ட ஒருவன் காதோரம் குனிந்தான். "அக்கா, அதெல்லாம் வேண்டாம். அந்த ஒரு வரி போதும்." அவளும் சொன்னாள். கைதட்டல் நிற்க வெகுநேரமானது. மெதுவா பேசு, மெதுவா பேசு என்றே கேட்டுப் பழகின காதில், இன்னும் சத்தமா என்று ஒரு கூட்டமே கேட்டது தேனாகத்தான் பாய்ந்தது.

மறுநாள் விரிப்பு மடிக்கையில் மாடிக்காரி தன் முனையை வெடுக்கென்று இழுத்தாள். நடுவில் கை சேரும்போதும் கண்ணைப் பார்க்கவில்லை.

"நான் சொன்னது என்னன்னு உனக்குத் தெரியாதா? பக்கத்துலதானே நின்ன?"

"மில் வாசல்ல நீ சொன்னது எனக்குத் தெரியும். மேடையில எதுக்கு ஏறின?"

சங்குக்குப் பொய் வரவில்லை. "கைதட்டினாங்கடி."

"தட்டுவாங்க, தட்டுவாங்க. நம்ம வீட்டு ஓனரும்தான் டிவியப் பாத்துத் தட்டியிருக்காரு. மாசக் கடைசியில என்னைக் காலி பண்ணச் சொல்லிட்டாரு. நல்ல பள்ளிக்கூடம்னு இப்பத்தான் பொண்ண இங்க சேத்தேன்."

சங்கு அன்று வேலை முடிந்ததும் முகம்கூடக் கழுவாமல் வீட்டுக்காரர் கதவைத் தட்டினாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனுஷர். விழித்திருக்கும் நேரமெல்லாம் டிவி முன்னால்தான். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. மாடிக்காரியின் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது ஆட்டோ பிடித்து ஓடினவர் அவர்தான்.

"வாங்கம்மா! இப்பத்தான் உங்களைப் போட்டாங்க."

"ஐயா, அவள எதுக்குப் போகச் சொன்னீங்க?"

"நீங்க சொல்லித்தாம்மா. வெளியாளுங்களை அனுப்புன்னு டிவியில முழங்கினீங்களே."

"நான் பஸ்ஸப் பத்திப் பேசினேன்!"

"என் ரெண்டு கண்ணால பாத்தேம்மா. நீங்க பேசறீங்க, அவனுங்க வந்து இறங்கறானுங்க."

எதிரில் நிற்கிற சங்குவை விட டிவியில் நின்ற சங்குவைத்தான் அவர் நம்பினார். எவ்வளவு சொல்லியும் ஏறவில்லை. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. அவளுக்கும் பொறுமை போய்விட்டது.

"சரி. அவ போனா நாங்களும் போறோம்."

வீட்டுக்காரர் முகம் வெளுத்தது. டிவி அம்மா குடியிருப்பது என் வீட்டில்தான் என்று சொந்தபந்தம் ஒருவர் விடாமல் போன் போட்டுச் சொல்லியிருந்தார். பார்க்க வந்தவர்களும் உண்டு. பின்னால் நின்றிருந்த சங்குவின் கணவர் தொண்டையைச் செருமினார்.

"அப்ப வாசல் பூட்டு, மாடிப் பூட்டு ரெண்டையும் கழட்டிக்கறேங்க. நான் போட்டது."

"இருப்பா, இருப்பா. எதுக்கெடுத்தாலும் கழட்டறேங்கற." அவர் டிவியையும் சங்குவையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்தப் பொண்ணு இருந்துட்டுப் போகட்டும். அது நல்ல பொண்ணுதான். நான் சொல்றது டிவியில காட்டறாங்களே, அவங்கள."

மாடிப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள் மாடிக்காரி. சங்கு மூச்சு வாங்க வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவருக்குப் புரிஞ்சுதா?"

"ஒரு மண்ணும் புரியல. ஆனா இருக்கச் சொல்லிட்டாரு."

"நல்ல பொண்ணாமே நான்."

"நீ டிவியில வரல பாரு, அதான் தப்பிச்ச."

மாடிக்காரி சிரிக்கக்கூடாது என்றுதான் பார்த்தாள். முடியவில்லை. சிரித்து முடித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அடுத்த கூட்டத்துக்கும் கூப்ட்டாங்களாமே. போறியா?"

"பஸ் ஸ்டாப்பப் பத்திப் பேச விடுவீங்களான்னு கேட்டேன். தலைவர்கிட்ட கேட்டுச் சொல்றோம்னாங்க. நீங்க வரலேன்னாலும் பரவால்லக்கா, உங்க குரல் எங்ககிட்ட பதிவாகி இருக்குன்னு வேற சொல்லிட்டுப் போறான் அந்த இஸ்திரிச் சட்டைத் தடியன்."

"அப்ப?"

"அப்ப என்ன, நாளைக்கும் நடைதான். பெரிய குடையா எடுத்துட்டு வா. உன் குடையில நான் பாதிதான் நனையாம வரேன்."