விறைப்பு முதலாளி வாங்கிய முதல் சம்பளம்

விறைப்பு முதலாளி தன் மனைவிக்கு ஓர் இஸ்திரிப் பெட்டியின் விலை கடன்பட்டிருந்தார். கல்யாணமான புதிதில் அவள் கை வளையலைக் கழற்றிக் கொடுத்து வாங்கிய பெட்டி அது. "அடுத்த மாசமே திருப்பிடறேன்" என்றார். அந்த அடுத்த மாதம் வரவே இல்லை. ஆனால் அந்த ஒற்றைப் பெட்டியிலிருந்து ஒரு சலவைக் கடை வந்தது, கடைக்கு மேலே வீடு வந்தது, ஆள் உயர மெஷின்கள் வந்தன. சும்மா வந்துவிடவில்லை. படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி, மீதியெல்லாம் கைப்பாடு. அவர் தேய்த்த காலரும் வளையாது, அவர் கழுத்தும் வளையாது. அதனால்தான் அந்தப் பெயர். "ஒருத்தன்கிட்ட கைகட்டி நின்னு சம்பளம் வாங்கினவன் இல்ல நான்" என்பதைத் துணி போட வந்த அத்தனை பேரும் ரசீதோடு சேர்த்து வாங்கிக்கொண்டு போவார்கள்.

அப்பேர்ப்பட்ட மனிதரைப் பார்த்து அவர் வீட்டுக்குள்ளேயே, அவர் மனைவியே, "திருடன்! திருடன்!" என்று கூச்சல் போட்டாள்.

அல்சைமர் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முதலில் சாவி மறந்தது, பிறகு கிழமை மறந்தது, பிறகு அடுப்பை அணைக்க மறந்தது, கடைசியில் புருஷனே மறந்துபோனார். கடையில் காலமெல்லாம் கல்லாவில் உட்கார்ந்தவள் அவள். அந்தப் பழைய கல்லாப் பெட்டியை மட்டும் மடியை விட்டு இறக்குவதில்லை.

"நான்தான்டி உன் புருஷன்!" என்று இவர் கல்யாணப் படத்தைக் கொண்டுவந்து காட்டினார்.

அவள் உற்றுப் பார்த்தாள். "இந்தப் பையன் நல்லா லட்சணமா இருக்கான். நீ யாருய்யா கிழவன்?"

அந்நியன் கொடுக்கிற சோற்றை அவள் தொடுவாளா? அந்நியன் எதிரில் குளிப்பாளா? அவள் இளைத்தாள், அவளை விட இவர் இளைத்தார். பார்க்க வந்த மகள் வாசலிலேயே சொல்லிவிட்டாள்.

"அப்பா, உங்களால முடியல. ஒரு பராமரிப்பு இல்லம் பார்த்து வச்சிருக்கேன். ஒண்ணாம் தேதி இடம் காலியாகுது, வந்து கூட்டிட்டுப் போறேன்."

"என் பொண்டாட்டியை நான் பார்த்துக்க மாட்டேனா?"

"உங்களைப் பார்த்தாதானேப்பா அவங்க பயப்படறாங்க!"

வளையாத கழுத்து அன்றைக்குக் கொஞ்சம் தொங்கித்தான் போயிற்று.

மறுநாள் காலை, மூட்டையாகக் கட்டிய படுக்கை விரிப்புகளைத் தோளில் போட்டுக்கொண்டு மாடி ஏறினார். அறைவாசலில் நின்றவரை அவள் மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏம்ப்பா, வேலை கேட்டு வந்தியா?"

'நான்தான்டி' என்ற வார்த்தை பல் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அவள் கூச்சல் போடவில்லையே! வந்த வார்த்தையை அப்படியே விழுங்கினார்.

"ஆமாம்மா."

"முன்னால எங்க இருந்தே?"

"சொந்தமா கடை வச்சிருந்தேன்மா."

"அப்புறம் எதுக்கு இங்க வந்து நிக்கறே? வாய்க்கொழுப்புல கவுத்துட்டியாக்கும்."

ஒரு சட்டையைத் தேய்த்துக் காட்டச் சொன்னாள். தேய்த்தார். "காலர்ல சுருக்கம்" என்றாள். சுருக்கமாவது! அவர் தேய்த்த காலரில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும். ஆனாலும் மறுபடி தேய்த்தார். அதையும் தள்ளினாள். இன்னொரு முறை தேய்த்ததைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சுமார்தான். வச்சுப் பார்க்கிறேன். ஒண்ணாம் தேதி சம்பளம்."

விறைப்பு குளியலறைக்குள் ஓடிக் கதவைச் சாத்தி, வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தார்.

பிடி கிடைத்துவிட்டது. அப்புறம் அந்த மனிதரின் மூளையைக் கேட்க வேண்டுமா?

"முதலாளியம்மா, வெந்நீர் துணிக்குச் சரியான சூடான்னு பாருங்க" என்பார். அவள் கையை விட்டுப் பார்ப்பாள், காலில் ஊற்றிப் பார்ப்பாள், தோளில் ஊற்றிப் பார்ப்பாள். "பத்தாது, இன்னும் காய வை" என்று சொல்லி முடிப்பதற்குள் குளியல் முடிந்திருக்கும். "ஆளுங்க சாப்பாடும்மா, உப்பு பாருங்க" என்றால் ஒரு கரண்டி வாங்குவாள். "இல்லையே" என்பாள். இன்னொரு கரண்டி. உப்புப் பார்த்தே தட்டு காலியாகும்.

எல்லா நாளும் பலிக்காது. தட்டு பறந்த நாள் உண்டு. "நாளையிலேர்ந்து வராதே!" என்று வேலையை விட்டுத் தூக்கிய நாளும் உண்டு. அப்போது கீழே இறங்கி வேறு சட்டை மாற்றிக்கொண்டு, புது ஆளாக மாடி ஏறுவார்.

"உனக்கு முன்னால ஒருத்தன் இருந்தான், சரியான வாயாடி. நீ எப்படி?"

"நான் பேசவே மாட்டேன்மா."

துணிச்சலாக வார லீவுகூடக் கேட்டு வாங்கினார். கீழே கடையில் பட்டன் தைக்கிற அக்கா வந்து அவளோடு உட்கார்ந்திருக்க, இவர் அடித்துப் போட்டாற்போல் தூங்கினார். எத்தனையோ மாதத்துத் தூக்கம். முதலாளியாக இருந்த காலமெல்லாம் ஒரு நாள் லீவு எடுத்ததில்லை, பாருங்கள்.

ஒருநாள் பெரிய விரிப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வேலையை மட்டும் அவள் கை மறக்கவில்லை. மெதுவாகக் கேட்டார்.

"உங்க வீட்டுக்காரர் எப்படிம்மா?"

"அவரா? வாய் ஊரு வரைக்கும் நீளும். வேலை மட்டும் தங்கம். எனக்கு இஸ்திரிப் பெட்டிக் காசு தரணும், இன்னும் தரல."

"கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டா முகம் தொங்கிடும். போகட்டும்னு விட்டுட்டேன்."

மடித்து வந்த முனை அவள் கைக்கு வந்து சேர்ந்தது. இவர் உடனே விடவில்லை.

"விடுப்பா, கசங்குது" என்றாள்.

ஒண்ணாம் தேதி மகள் காலிப் பையோடு வந்து நின்றாள். அம்மா குளித்து, தலை வாரி, கல்லாப் பெட்டியும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் சதை போட்டிருந்தது.

"அம்மா, கிளம்பலாமா?"

"எங்க கிளம்பறது? இன்னிக்குச் சம்பள நாள். ஆளை நிக்க வச்சுட்டு வர முடியுமா?"

மகள் திரும்பினாள். அப்பா கைகட்டி நின்றுகொண்டிருந்தார். அவளுடைய அப்பா! கைகட்டி!

"என்னப்பா இது?"

"உஸ்! என் வேலைக்கு உலை வச்சுடாதே."

மகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையை மடித்து மூலையில் போட்டாள்.

"சரி, இப்போதைக்கு அந்த இடம் வேண்டாம்னு சொல்லிடறேன். லீவு நாள்ல நான் வந்து பார்த்துக்கறேன். எனக்கும் இங்க வேலை கிடைக்குமா?"

"முதல்ல ஒரு சட்டை தேய்ச்சுக் காட்டு" என்றார் விறைப்பு.

முதலாளியம்மா கல்லாவைத் திறந்து சம்பளத்தை எடுத்து நீட்டினாள். முந்தின நாள் ராத்திரி அவள் தூங்கும்போது அவரே போட்டு வைத்த பணம்தான். இருந்தாலும் சம்பளம் சம்பளம்தானே! இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அம்மா, வழியில உங்க வீட்டுக்காரரைப் பார்த்தேன். இஸ்திரிப் பெட்டிக் காசைக் கொடுத்துடச் சொன்னார்."

"அவரே வந்து தரக் கூடாதா?"

"வெக்கப்படறாரும்மா."

அவள் கலகலவென்று சிரித்துவிட்டு உள்ளங்கையை விரித்தாள். விறைப்பு குனிந்து, தன் சம்பளத்திலிருந்து ஒவ்வொரு நோட்டாக எண்ணி அதில் வைத்தார். கடன் தீர்ந்தது. விரித்த கை மட்டும் மடங்கவில்லை.

"வட்டி?" என்றாள்.

மிச்சமிருந்த சம்பளத்தையும் எண்ணி வைத்தார்.