அக்கா சொல்லாத வாக்கியம்

கோடைக்கானலில் நான் வேலை பார்த்த விருந்தினர் இல்லத்தில் காலை ஆறரைக்கு மணி அடிப்பது என் பொறுப்பு. வெளிநாட்டுக்காரர்களும் சென்னை, பெங்களூர்க்காரர்களும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கூடத்தில் வந்து உட்காருவார்கள். மூச்சைக் கவனியுங்கள், செய்கிற காரியத்தில் மட்டும் மனத்தை வையுங்கள், எதிரே இருப்பவர் பேசும்போது பதிலைத் தயார் செய்யாமல் கேளுங்கள் என்று இரண்டு மொழிகளில் சொல்லிக்கொடுப்பேன். அதற்கென்று தனியாகப் படித்துச் சான்றிதழும் வாங்கியிருந்தேன். கேட்பது எப்படி என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள் செய்த காரியத்தைத்தான் இங்கே எழுதப்போகிறேன். எழுதக் கை கூசுகிறது.

நான் பழனி அடிவாரத்துக்காரி. வீட்டுக்குப் பூஜைச் சாமான் கடை இருந்தது. எந்த ஊர்ப் பக்தர் வந்து நின்றாலும் எதைச் சொன்னால் அவர் முகம் மலரும் என்பது பத்து வயதிலேயே எனக்குத் தெரியும். பாலக்காட்டுக்காரருக்கு ஒரு பேச்சு, ஈரோட்டுக்காரருக்கு வேறு பேச்சு. அதைப் பொய் என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை. "இவளுக்கு வாய் சாமர்த்தியம்" என்று மெச்சிக்கொள்வார்கள். அந்தச் சாமர்த்தியத்தைத்தான் மலைக்கு மேலே கொண்டுபோய் ஆங்கிலத்தில் நடத்தினேன்.

வாரத்தில் ஒருநாள் விருந்தினர்களை ஜீப்பில் கூக்கால் என்ற மலைக்கிராமத்துக்கு அழைத்துப்போவேன். அங்கே மலைப்பூண்டு பயிரிடும் ஒரு அக்கா இருந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. கணவர் இறந்துவிட்டார், ஒரே மகள் திருப்பூரில் வேலையில். அக்காவின் வாசலில் சாக்கை விரித்து எல்லோரும் சுற்றி உட்காருவோம். புகை போட்டு வைத்த பூண்டை விதைப்புக்காகப் பல் பல்லாகப் பிரிக்க வேண்டும். நல்ல பல் கூடைக்கு, சொத்தைப் பல் ஓரத்துக்கு. ஒரு மணி நேரம் யாரும் பேசக்கூடாது என்று நான் விதி போட்டிருந்தேன். முதல் நாள் இதைச் சொன்னபோது அக்கா வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"பேசாம உக்காந்தா சோலி ஓடுமா டீச்சரம்மா? நாலு பேச்சுப் பேசுனாத்தானே கை வெரசாப் போகும்."

விருந்தினர்களை உட்காருங்கள், எழுந்திருங்கள் என்று நான் ஏவுவதைப் பார்த்து அவர் எனக்கு வைத்த பேர் டீச்சரம்மா. இவ்வளவு தூரம் ஏறி வந்து பூண்டு பிரிக்கிறார்களே, இவர்கள் ஊரில் பூண்டே கிடையாதா என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டிருக்கிறார்.

ஒரு மணி நேரம் முடிந்ததும் விருந்தினர்கள் அக்காவிடம் ஏதாவது கேட்பார்கள். அவர் சொல்வதை நான் மொழிபெயர்ப்பேன். மொழிபெயர்ப்பேன் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. "காட்டுமாடு எறங்கிப் பாத்தியெல்லாம் மிதிச்சிருச்சு, வேலி போட வழியில்ல" என்று அக்கா புலம்புவார். இந்த மலையில் மிருகங்களுக்கும் பங்குண்டு என்கிறார் என்று நான் சொல்வேன். பஸ்ஸை விட்டால் நடைதான் கதி என்பார். இங்கே யாருக்கும் அவசரமில்லை என்கிறார் என்பேன். உடனே நோட்டுகள் திறக்கும், பேனாக்கள் ஓடும். ஒருவர் கண்ணை மூடித் தலையசைப்பார். எனக்கும் பெருமை பிடிபடாது. அக்காவை நான் உயர்த்திக் காட்டுகிறேன் என்று மனதார நம்பினேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பூண்டு விதைப்புக்கு முந்திய ஒரு வாரம் வந்த குழுவில் ஜெர்மனியிலிருந்து ஒரு பெண் மருத்துவர் இருந்தார். "இன்னிக்கு டாக்டரம்மா ஒருத்தங்க வந்திருக்காங்கக்கா" என்று நானேதான் பெருமையாக அறிமுகம் செய்தேன். அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவருக்குப் பக்கத்திலேயே இடம் பார்த்து உட்கார்ந்தார். ஒரு மணி நேரமும் அடிக்கடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மரியாதையில் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மௌனம் முடிந்ததும் அந்த மருத்துவர்தான் கேட்டார், இந்த வேலையைச் செய்யும்போது உங்கள் மனத்தில் என்ன ஓடுகிறது என்று. நான் தமிழில் கேட்டேன். அக்கா காத்துக்கொண்டிருந்தவர்போல ஆரம்பித்தார்.

"என்னத்த ஓடப்போகுது. வலது கண்ணு ரெண்டு மாசமாப் பொகை போட்ட மாதிரி மறைச்சுக் கெடக்கு. லைட்டப் பாத்தா சுத்தி வளையம் வளையமாத் தெரியுது. மண்டையிடி வேற. சொத்தைப் பல்லு எது நல்ல பல்லு எதுன்னு தடவித் தடவித்தான் பிரிக்கிறேன். கோடைக்கானல் ஆஸ்பத்திரிக்குப் போனா ஒருநாள் சோலி கெட்டுப்போகும்னு அப்படியே கெடக்கேன். டாக்டரம்மாவ ஒரு தடவ பாக்கச் சொல்லுங்க."

ஏழு பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நொடியில் என் மனத்தில் ஓடியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மறந்திருந்தால் தேவலை. கண் என்று வாயெடுத்தால் மருத்துவர் எழுந்துவிடுவார். செல்போன் டார்ச் வெளியே வரும். அக்கம்பக்கத்து முழங்கால் வலியும் முதுகு வலியும் வந்து வரிசையில் நிற்கும். நான் அரும்பாடுபட்டுக் கட்டிய அமைதி சந்தைக்கடையாகிவிடும். நிறைவான மலை வாழ்க்கையைக் காட்டுகிறேன் என்று சொல்லி அவர்களை அழைத்து வந்திருந்தேன். கண் மறைக்கிற அக்காவுக்கு அதில் இடமில்லை.

"என் விரல்கள்தான் என் கண்கள், ஒவ்வொரு பல்லையும் தொட்டே அறிகிறேன் என்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

மருத்துவருக்கு அழுகை வந்துவிட்டது. அக்காவின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு, நன்றி, மிக அழகாகச் சொன்னீர்கள் என்றார். அக்கா பயந்துபோய் என் பக்கம் திரும்பினார்.

"என்ன சொல்றாங்க?"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஏழு பேர் முன்னால் என் சாயம் வெளுத்துப்போகுமே என்று பயந்தேன்.

"ஒண்ணும் பயப்பட வேணாம்னு சொல்றாங்கக்கா" என்றேன்.

அக்காவின் முகம் அப்படியே தெளிந்தது. கையெடுத்து மருத்துவரைக் கும்பிட்டார். அடுத்த வாரம் நானே கோடைக்கானலுக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டிவிடலாம் என்று மனத்துக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்த வாரம் வேறு குழு வந்தது, அவர்கள் ஏரியைத்தான் பார்க்க வேண்டும் என்றார்கள்.

திரும்பும்போது ஜீப்பில் மருத்துவர் என்னிடம், அவர் ஒவ்வொரு பல்லையும் இடது பக்கமாகவே கொண்டுபோய்ப் பார்க்கிறாரே, பார்வையில் ஏதாவது குறை உண்டா என்று கேட்டார். கவனிக்கத் தெரிந்தவர் அவர்தான். பழக்கம் அப்படி என்று சொல்லிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே ஒரு பறவையைக் காட்டினேன்.

ஊருக்குப் போய் அவர் ஒரு அட்டை அனுப்பியிருந்தார். அக்கா சொன்னதாக நான் சொன்ன அந்த வாக்கியத்தை அழகான கையெழுத்தில் எழுதி, அக்காவிடம் கொடுக்கச் சொல்லியிருந்தார். நான் கொடுக்கவில்லை. சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினேன். தினமும் காலையில் அதன் கீழே உட்கார்ந்துதான் மூச்சைக் கவனிக்கச் சொன்னேன்.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. மண் சரிந்து பாதை கெட்டது, விருந்தினர் வரத்தும் குறைந்தது. மறுபடி நான் கூக்காலுக்குப் போனபோது மாதங்கள் ஓடியிருந்தன. அக்கா எப்போதும்போல் சிரித்த முகத்தோடு டீ கொண்டுவந்தார். டம்ளரை எனக்கு முன்னால் வைத்துவிட்டு ஊற்றினார். பாதி டீ டம்ளருக்கு வெளியே தரையில் போனது.

மறுநாள் வெள்ளனே கிளம்பி மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு அவரைக் கூட்டிப்போனேன். சொட்டு மருந்து ஊற்றி, உட்கார வைத்து, ஒவ்வொரு அறையாக அனுப்பிப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு டாக்டர் எங்களை அழைத்து, கண்ணில் அழுத்தம் கூடி வலது கண்ணின் நரம்பு கெட்டுவிட்டது, போன பார்வை இனித் திரும்பாது என்றார். இடது கண்ணையாவது காப்பாற்ற ஆயுசுக்கும் மருந்து விட வேண்டும்.

"ஏம்மா, மறைக்க ஆரம்பிச்சப்பவே வந்திருக்கலாமே?" என்று கேட்டார்.

"டாக்டரம்மா ஒருத்தங்க வெளிநாட்டுலருந்து வந்தாங்க சார். அவங்க கையப் பிடிச்சுப் பாத்துட்டு ஒண்ணும் பயப்பட வேணாம்னு சொன்னாங்க. அதான் நானும் கவலைய விட்டுட்டேன்."

"கண்ணுக்குக் கையப் பிடிச்சுப் பாத்த டாக்டர் யாரும்மா அது?"

கேள்வி என்னைப் பார்த்துத்தான் வந்தது. நான் சுவரில் தொங்கிய எழுத்து அட்டையைப் பார்த்தேன். மேலே பெரிய எழுத்திலிருந்து கீழே பொடி எழுத்துவரை ஒன்று விடாமல் எனக்குத் தெரிந்தது.

"அவங்களக் கொறை சொல்லாதீங்க சார்" என்றார் அக்கா. "தங்கமான மனுசி. என் கையப் பிடிச்சு அழுதுச்சு."

மத்தியானப் பஸ்ஸில் திரும்பினோம். அக்காவை இடதுபுற ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு அவருக்கு வலது பக்கம் நான் உட்கார்ந்தேன். பார்வை போன பக்கம். சொல்லும்போது என் முகத்தை அவர் பார்க்கக்கூடாது என்பதற்காகவே அந்த இடத்தைப் பிடித்தேன். இதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போதுதான் எனக்கு வாய் வந்தது. அந்த டாக்டரம்மா மேல் எந்தத் தப்பும் இல்லை, உங்கள் கண்ணைப் பற்றி நான் அவரிடம் சொல்லவே இல்லை, பயப்பட வேண்டாம் என்றதும் நான்தான், அவர் இல்லை என்றேன்.  அக்கா கழுத்தைத் திருப்பி, அது போதாமல் உடம்பையே திருப்பி, இடது கண்ணால் என்னைப் பார்த்தார்.

"அப்ப அந்தம்மா எதுக்கு அழுதுச்சு?"

"நான் சொன்னதக் கேட்டுக்கா."

"என்ன சொன்னீங்க?"

ஆங்கிலத்தில் எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொன்ன வாக்கியம். தமிழில் அதைச் சொல்ல நாக்கு எழவில்லை.

"உங்க விரலுதான் உங்க கண்ணுன்னு... நீங்க சொன்னதாச் சொன்னேன்."

அக்கா தன் மடியில் கிடந்த கைகளைக் குனிந்து பார்த்தார். நகக்கண்ணில் பூண்டுக் கறை இருந்தது. கத்துவார், கையை ஓங்குவார் என்று எதிர்பார்த்தேன். செய்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"நான் அப்படிச் சொல்லலியே" என்றார். "கண்ணு தெரியலன்னுதானே சொன்னேன் டீச்சரம்மா."

அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோடைக்கானல் வரும்வரை அவர் என் பக்கம் திரும்பவில்லை.