பாதத்தில் வந்த புள்ளிகள்

பஞ்சம்மாள் என் அப்பாவின் தங்கை. தொண்டிக்கு மேற்கே எங்கள் ஊரில் ஆடு வளர்க்கிறவள். பொழுது சாயும்போது ஒவ்வொரு ஆடாக மடியில் சாய்த்து, காது மடலில் ஒட்டியிருக்கும் உண்ணிகளைப் பிடுங்கி நகத்தால் நசுக்குவாள். அப்போது பேச்சுக் கொடுத்தால் ஊர்க்கதை எல்லாம் வந்துவிடும்.

போன ஐப்பசியில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. மணிக்கட்டில் சிவப்புப் புள்ளிகளைப் பார்த்ததும் அவள் புருஷன் மலையாண்டி மாமா வாசலில் வேப்பிலை செருகிவிட்டார். அம்மை கண்ட வீட்டில் மாத்திரை கூடாது, ஊசி கூடாது, வெளியாள் நுழையக் கூடாது. வாசலில் நின்றுதான் எட்டிப் பார்த்தேன். புள்ளிகள் நீர் கோக்கவில்லை. உள்ளங்கைக்கும் பாதத்துக்கும் கருஞ்சிவப்பாகப் பரவின. ஈறில் ரத்தம் கசிந்து, அத்தை என்னைப் பார்த்து யாரென்று கேட்ட பிறகுதான் மாமா ஆட்டோவைக் கூப்பிட்டார்.

தொண்டியில் பார்த்துவிட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, வீட்டில் ஆடு இருக்கிறதா என்று. இது அம்மை இல்லை, உண்ணி கடித்து வந்த காய்ச்சல் என்றார். அதற்கான மருந்து ஏறியதும் அத்தைக்கு நினைவு தெளிந்தது. ஆனால் காய்ச்சல் விடவில்லை, ரத்த அணுக்கள் குறைந்துகொண்டே போயின. எலும்பு மஜ்ஜையைச் சோதித்தார்கள். கிருமியை எதிர்க்கக் கிளம்பிய அணுக்கள் அடங்காமல், அவள் ரத்த அணுக்களையே விழுங்குகின்றனவாம். ஸ்டீராய்டு கொடுத்து அந்த எதிர்ப்பு சக்தியை அடக்க வேண்டும். அடக்கினால் வேறு கிருமி புகவும் வாய்ப்புண்டு. சம்மதம் வேண்டும் என்றார்.

எதிர்ப்பு சக்தி காப்பாற்றும் என்றுதான் படித்திருந்தேன். அதுவே கொல்லுமா? எனக்கே விளங்காதபோது மாமாவுக்கு எதைச் சொல்லிப் புரியவைப்பது?

மாமா பேனாவைத் தொடவில்லை. "ஆத்தா எறங்குன ஒடம்பு. மேல மேல குத்துனா உசுரோட விடுவாளா?"

அத்தை கட்டிலிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். "மருந்தப் போடச் சொல்லு. ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன். இந்த மனுசன் பேசுனா இன்னுங் கோவப்படுவா."

மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

காய்ச்சல் இறங்கியது, அணுக்கள் மெல்ல ஏறின. இப்போது வீட்டில் இருக்கிறாள். ஸ்டீராய்டு மாத்திரையைக் குறைத்துக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டுமாம். அதனால் முகம் ஊதியிருக்கிறது. நேற்று சாப்பிடும்போது இருமினாள். நானும் மாமாவும் ஒன்றாக எழுந்துவிட்டோம்.

"சோத்துல பொறையேறுனதுக்குமா ஆஸ்பத்திரி?" என்று சிரித்தாள்.

மாமா உட்கார்ந்தார். ஆட்டோக்காரருக்குப் போன் போட எடுத்த செல்லை மட்டும் அவர் கீழே வைக்கவில்லை.