கிரகணத்தன்று நான் கூப்பிட்டது

என் தம்பிக்குக் கண்ணில் நிற வளையமே கிடையாது. நமக்கெல்லாம் கருமணியைச் சுற்றிப் பழுப்பாய் ஒரு வட்டம் இருக்குமே, அது பிறவியிலேயே அவனுக்கு இல்லை. முழுக் கறுப்பு. வெயிலில் கொண்டுபோனால் கண்ணை இறுக்கிக்கொண்டு என் தோளில் முகத்தைப் புதைப்பான்.

அவன் அம்மா வயிற்றில் இருந்தபோது ஒரு சூரிய கிரகணம் வந்தது. மாசமாக இருப்பவள் அந்த நேரத்தில் வெளியே தலைகாட்டக் கூடாது. அப்பாவின் அக்கா, என் அத்தை, அம்மாவை உள்ளே படுக்கவைத்துக் கதவைச் சாத்திவிட்டு மாட்டைப் பார்க்கப் போனாள். எனக்கு எட்டு வயது. புளியமரத்தடியில் நின்றேன். இலை இடுக்கில் விழுந்த வெளிச்சமெல்லாம் பிறை பிறையாய்த் தரையில் கிடந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. "ம்மா, தரையெல்லாம் குட்டி குட்டி நிலாவா கீது, வந்து பாரு" என்று கதவைத் தட்டினேன். அவளும் வந்தாள். சிரித்துக்கொண்டே பார்த்தாள். அத்தை வரும் சத்தம் கேட்டதும் நான் மட்டும் மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

பிள்ளை பிறந்து கண் திறந்ததும் அத்தை ஊரெல்லாம் சொன்னாள்: "கிரகணத்துல ஊர்கோலம் போனா இல்ல, புள்ள கண்ணுலயே கிரகணத்தப் பெத்துகினு வந்துட்டா." அந்த வருஷத்திலிருந்து விதைச் சாமையை அம்மா தொடக் கூடாது என்றார்கள். மற்ற பெண்கள் விதைக்கும்போது அவள் கொல்லை ஓரத்தில் நிற்பாள்.

தம்பிக்கு இரண்டு வயது நடந்தபோது, இடுப்பில் தூக்கினால் அவன் வயிற்றின் ஒரு பக்கம் கல் மாதிரி என்மேல் இடித்தது. பூச்சி என்று வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுத்தார்கள். மூத்திரம் சிவந்த பிறகுதான் ஆலங்காயம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். சிறுநீரகத்தில் கட்டி, முற்றிவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த மழைக்கு அவன் இல்லை.

போன மாதம் பேத்தியின் குழந்தையைக் காட்டப் போனபோது, டாக்டரம்மா அதன் கண்ணில் லைட் அடித்துப் பார்த்தார். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. அன்றைக்கு எப்படியோ தம்பியைப் பற்றியும் அந்தக் கிரகணத்தைப் பற்றியும் கேட்டுவிட்டேன். பிறவியிலேயே அந்த வளையம் இல்லாத பிள்ளைகளில் சிலருக்குச் சிறுநீரகத்தில் புற்றுக்கட்டி வரக்கூடும், இப்போது அப்படிப் பிறந்தால் சில மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருப்போம், சின்னதிலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம் என்றார். "கிரகணம்லாம் ஒண்ணும் பண்ணாது பாட்டி. உங்கம்மா மேல ஒரு தப்பும் இல்ல."

கூப்பிட்டது யார் என்பதை அவரிடமும் நான் சொல்லவில்லை.

தம்பியின் காரியம் முடிந்த அன்று, சொந்தக்காரர்கள் நடுவில் அத்தை அம்மாவைக் கேட்டாள்: "இன்னாத்துக்குடி அன்னிக்கு வெளிய போன? யாரு உன்ன இட்டுகினு போனது?"

அப்பாகூட அம்மாவையே பார்த்தார். நான் அவள் முதுகுக்குப் பின்னால் முந்தானையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"யாரும் கூப்புடலக்கா. நானாத்தான் போனேன்."

நான் கூப்பிட்டதை அம்மா மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். முந்தானையை விட்டுவிட்டு மெல்ல எழுந்து விளையாடப் போனேன்.