ஒரே சுருக்குப்பையுடன் கோலாலம்பூருக்கு

விடியற்காலை நான்கரைக்குப் பாகூரில் கார் ஏறினோம். சென்னை விமான நிலையம் ஏறக்குறைய நூற்றெழுபது கிலோமீட்டர். வாடகை நாலாயிரத்து ஐந்நூறு. நான், என் கணவர் ஏழுமலை, அவருடைய அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடும் அஞ்சலை. மூவருக்கும் இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம்; கோலாலம்பூரில் ஐந்து நாள்.

எனக்குப் பயமெல்லாம் பணத்தைப் பற்றித்தான். வெளிநாட்டில் பையை அறுப்பார்கள், அட்டையைத் தேய்த்து ஏமாற்றுவார்கள் என்று என் தையல் கடைக்கு வந்தவர்கள் எல்லாம் கிலி ஏற்றியிருந்தார்கள். அதனால் ஏடிஎம் அட்டைகளை வீட்டு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். புதுச்சேரியில் ரிங்கிட் ஒன்று இருபத்தொரு ரூபாய் என்று மாற்றிய இரண்டாயிரத்து நானூறு ரிங்கிட்டும் அண்ணியின் இடுப்புச் சுருக்குப்பைக்குள் போனது. திருப்பதியோ வேளாங்கண்ணியோ, எங்கள் குடும்பம் எங்கே கிளம்பினாலும் பணம் சோரியாங்குப்பத்து அஞ்சலை அண்ணியிடம்தான். இதுவரை ஒரு ரூபாய் தொலைந்ததில்லை.

மரக்காணம் தாண்டும்போது மறுபடியும் சொன்னேன். "அண்ணி, யார் வந்து கேட்டாலும் அவுக்காதீங்க. எங்க பேரச் சொல்லிக் கேட்டாலும் அவுக்காதீங்க."

"இன்னா கலா, எனக்கே சொல்றியா?" என்று பையின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

பகல் பன்னிரண்டுக்கு விமானம். மலேசிய நேரம் மாலை ஆறரைக்கு இறங்கினோம். அண்ணிக்கு முட்டி வலி என்பதால் சக்கர நாற்காலிக்குச் சொல்லி வைத்திருந்தோம். அந்த ஊர்த் தமிழர் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், வந்து உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனார். நாற்காலியில் வருபவர்களுக்குத் தனி வழியாம். நாங்கள் இமிகிரேஷன் வரிசையின் வாலில் நிற்கும்போதே அண்ணி சோதனை முடிந்து அந்தப் பக்கம் மறைந்துவிட்டார். நல்லதாய்ப் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

ஏழேகாலுக்கு எங்கள் முறை வந்தது. அதிகாரி திரும்பும் டிக்கெட்டைப் பார்த்தார், ஓட்டல் ரசீதைப் பார்த்தார். பிறகு "கேஷ்?" என்றார்.

ஏழுமலை பர்ஸைத் திறந்தார். ஒரு ஐந்நூறு ரூபாய்த் தாள், பாகூர் பஸ் டிக்கெட் இரண்டு. என் கைப்பையில் அதுவும் இல்லை. "சிஸ்டர், மணி, அங்க" என்று அவர் கையை நீட்டிய இடத்தில் யாரும் இல்லை. கார்டு இருக்கிறதா என்று கேட்டார் அதிகாரி. பீரோவில் இருக்கிறது என்பதை எந்தப் பாஷையில் சொன்னாலும் யார் நம்புவார்கள்? பாஸ்போர்ட்டுகளை வாங்கிக்கொண்டு பக்கத்து அறையில் உட்காரச் சொன்னார்.

அங்கே பெட்டியோடு ஒரு பெண் இருந்தார். கையில் காசு காட்டாததால் அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பப் போகிறார்களாம். எங்களைத் திருப்பி அனுப்பினால் அண்ணி? கையில் பட்டன் போன், ரோமிங் கிடையாது. தெரிந்த ஊர்ப்பேர் பாகூரும் கடலூரும்.

எட்டு மணிக்கு அந்த நாற்காலிக்காரர் எட்டிப் பார்த்தார். "அந்த அம்மா ஒங்க ஆளா? பெட்டி வர்ற எடத்துல அழுவுறாங்க." அவர் காலில் விழாத குறையாக விஷயத்தைச் சொன்னேன். அதிகாரியிடம் பேசிவிட்டுப் பணத்தை வாங்கிவரப் போனவர், பத்து நிமிடத்தில் வெறுங்கையோடு திரும்பினார்.

"குடுக்க மாட்டேங்கிறாங்க. கலான்னு ஒங்க பேரச் சொன்னதும் இன்னும் இறுக்கிப் பிடிச்சிக்கிட்டாங்க."

மரக்காணத்தில் நான் சொன்ன சொல் என் தலையிலேயே விடிந்தது. "பை வேணாம்ணே. அவங்களையே அழைச்சிட்டு வாங்க" என்றார் ஏழுமலை.

நாற்காலியில் அண்ணி வந்தார். இரண்டு கையும் சேலைக்குள் பையைப் பிடித்தபடி இருந்தன. "இன்னாடா ஆச்சி? எதுக்குடா குந்தவச்சிருக்காங்க?" என்று தம்பியைக் கேட்டார். அதிகாரி எதிரே நின்றும் அவர் பையைத் திறக்கவில்லை; என் முகத்தைப் பார்த்தார்.

"அவுத்துக் குடுங்க அண்ணி" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதிகாரி தாள்களைப் பார்த்தார், முத்திரை குத்தினார். ஆளுக்குத் தனியாக வைத்துக்கொள்ளச் சொன்னார். ஓட்டலுக்குப் போனதும் முதல் வேலையாக மூன்று பங்காகப் பிரித்தோம். போகிறவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான்: பணத்தைப் பிரித்து வையுங்கள், அட்டையைப் பீரோவுக்குக் காவல் வைக்காதீர்கள்.

இரட்டைக் கோபுரம் பார்த்தோம், குகைக்கோயில் பார்த்தோம். ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்குத் திரும்பும் விமானம். நாற்காலி வந்தது, அண்ணி உட்கார மாட்டேன் என்றுவிட்டார்.

"முட்டி வலிக்கும் அண்ணி. பணம்தான் இப்ப அவங்கவங்ககிட்ட இருக்கே, இன்னா பயம்?"

"பணத்துக்கு இன்னா வந்துச்சி கலா? அன்னிக்கி அங்க தனியா குந்திகினு, உங்க ரெண்டு பேரையும் வுட்டுட்டு எந்த மூஞ்சோட வூட்டுக்குப் போவேன்னுதான் இருந்தேன்."

நடந்தோம். பாகூர் ஏரிக்கரைகூட இவ்வளவு நீளமில்லை என்று சொல்லிக்கொண்டே, நொண்டி நொண்டி வந்தார். சுருக்குப்பை இடுப்பில்தான் இருந்தது, அதன் மேல் கை இல்லை. விமானத்தின் வாசல்வரை அந்தக் கை என் மணிக்கட்டை விடவில்லை.